கடலுக்கு உருட்டியவள்

சந்தியாகுபுரத்துக்குத் தூண்டில் வளைவு கட்டி முடித்ததற்கு அடுத்த ஆடியில், கடல் எங்கள் இன்னாசித்துறையின் பந்து மைதானத்தை, முதலில் கிழக்குக் கோல் கம்பத்தையும், பிறகு நடுவட்டத்தையும், பிறகு மேற்குக் கோல் கம்பத்தையும், ஆடத் தெரிந்த ஒருவன் பந்தை நகர்த்திக்கொண்டு போவதைப் போல அவசரமே இல்லாமல் எடுத்துக்கொண்டு போனது. தூண்டில் வளைவு என்பது கடலுக்குள் பாறைகளைக் கொட்டி நீட்டுகிற ஒரு கை. அந்தக் கை எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊருக்கு மணல் சேரும், பக்கத்து ஊரிலிருந்து மணல் போகும். இது எல்லாருக்கும் தெரியும். பாறை கொட்டுகிறவர்களுக்கும் தெரியும்.

மைதானம் போன பிறகு எங்கள் ஊரில் பந்து வீட்டுக்குள் வந்தது. லூடோப் பெட்டிகளுக்குள் கிடந்த பகடைகளை எடுத்து, சிமெண்டுத் தரையில் இரண்டு அணிகளின் பெயரையும் சொல்லி உருட்டினார்கள். ஓர் உருட்டு என்பது ஐந்து நிமிட ஆட்டம்; ஒரு பாதிக்கு ஒரு பக்கத்துக்கு ஒன்பது உருட்டு. ஆறு விழுந்தால் கோல் அடிக்க வாய்ப்பு. உடனே மறுபடி உருட்ட வேண்டும், இரட்டைப்படை விழுந்தால் கோல், ஒற்றைப்படை விழுந்தால் கோலி பிடித்துவிட்டான். மற்ற எண்களுக்கெல்லாம் பந்து நடுவிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். அவ்வளவுதான் சட்டம். வலை பின்னுகிறவர்கள் வலையை ஒதுக்கிவிட்டு உருட்டினார்கள், வள்ளத்தில் போய் வந்தவர்கள் உப்புக் கையோடு உருட்டினார்கள், அடுப்பில் உலை கொதிக்கக் கொதிக்கப் பெண்கள் உருட்டினார்கள். அஜின் என்ற பையன் ஒரு பகடை ஆட்டத்தில் கோல் வாய்ப்பைத் தவறவிட்டான் என்பதற்காக, அந்த நேரத்தில் அவன் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தான் என்றாலும், அவனுடைய சொந்தச் சித்தப்பா கிறிஸ்துமஸ் வரைக்கும் அவனோடு பேசவில்லை.

பெல்சிட்டா மட்டும் தனியாக விளையாடுவாள். அந்த வீட்டில் அவளும் அவள் அம்மா ஸ்டெல்லாவும்தான். அக்கா ஜெசிந்தாவை மேற்கே சந்தியாகுபுரத்தில் லீனஸுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஜெசிந்தாவின் வீடு கடலைப் பார்த்த முதல் வரிசையில் இருந்தது. அப்பா எங்கள் கல்லறைத் தோட்டத்தில் இருந்தார். கல்லறைத் தோட்டத்தில் இருந்தார் என்பதை எங்கள் ஊரில் ஒரு பாக்கியமாகத்தான் சொல்வோம். கடலோடு போனவர்களில் பாதிப் பேருடைய கல்லறைக்குள் அவர்கள் உடுத்த சட்டையோ இடுப்பில் கட்டிய சாரமோதான் இருக்கிறது. அவர் மட்டும் உடம்பாகத் திரும்பி வந்தார்.

தனியாக விளையாடுகிறவள் இரண்டு பக்கத்துக்கும் உருட்டியாக வேண்டும். எங்கள் ஊருக்கு வெள்ளைப் பகடை, வலது கை. எதிரணிக்குச் சிவப்புப் பகடை, இடது கை. பாதி ஆட்டம் முடிந்ததும், அணிகள் பக்கம் மாறுவதைப் போல, பகடைகளை மாற்றிக்கொள்வாள். ஏதாவது ஒரு பகடையில் சாய்வு இருந்தால் அது இரண்டு பேருக்கும் ஒன்றுபோலப் போகட்டும் என்று. தொடங்கிய அதே இரண்டு பகடைகளால்தான் ஆட்டத்தை முடிக்கவும் வேண்டும். ஒருமுறை சிவப்பு உருண்டு எங்கோ காணாமல் போக, அது அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து அகப்படும் வரைக்கும் அந்த ஆட்டத்தை அப்படியே நிறுத்தி வைத்திருந்தாள்.

"வேற ஒண்ண எடுத்து உருட்டுனா என்ன?" என்று ஸ்டெல்லா கேட்டாள்.

"அப்ப அது வேற ஆட்டம்மா. இவனுவ எல்லாம் அங்கன மழையில நிக்கானுவ."

எதிரணிகள் எல்லாம் தீர்ந்துபோன ஒரு நாளில், வேறு யாரும் நினைவுக்கு வராததால், அவள் இன்னாசித்துறைக்கு எதிராகக் கடலை இறக்கினாள். கடல் இரண்டு கோல் வாங்கித் தோற்றது. மறுநாள் காலையில் மேற்குக் கோல் கம்பம், உடம்பெல்லாம் சிப்பி ஒட்டியபடி, நனைந்த மணலில் நின்றுகொண்டிருந்தது. அதற்கு அப்பால்தான் அலை அடித்தது.

கோயில் ஒலிபெருக்கியில் சாவு அறிவிப்பதும், மீன் ஏலம் அறிவிப்பதும், ஒரு காலத்தில் பந்தாட்ட வர்ணனை செய்வதும் ஒரே ஆள்தான். அவரை மைக் சூசை என்போம். அவர் கம்பத்தைப் போய்ப் பார்த்துவிட்டு, குழாயடியில் ஸ்டெல்லா சொன்ன பேச்சையும் கேட்டுவிட்டு, பெல்சிட்டாவின் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"பெல்சி, நேத்து எவங்கூட ஆடுன?"

"கடலுகூட, மாமா."

"எத்தனை?"

"ரெண்டு – சைபர்."

மைக் சூசை திரும்பி, தண்ணீர் போயிருந்த தூரத்தைக் கண்ணால் அளந்தார். "சரியாத்தான் இருக்கு," என்றார்.

சரிதானா என்று பார்ப்பதற்காக அவள் மறுபடி ஆடினாள். இந்த முறை கடல் ஒரு கோலில் ஜெயித்தது. விடிவதற்குள் கரையோரத் தென்னைகளும், ஊர் அணியின் கேப்டன் பிரடியின் வீட்டு அடுக்களையும் போயிருந்தன. பிரடியின் அம்மா கையில் மிச்சமிருந்த ஒரு கரண்டியோடு வந்தாள். "எட்டி, எங்க அடுக்களைய வெச்சா பந்து விளையாண்ட? ஒங்க அடுக்களைய வெச்சு ஆடப்பிடாதா?"

ஊர்க்கமிட்டி கூடியது. பகடைக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று அன்று யாரும் கேட்கவில்லை. ஊரைக் கேட்காமல் ஊர்ப் பெயரில் எப்படி அணி இறக்கலாம் என்பதுதான் கேள்வியாக இருந்தது. இனிமேல் ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த பிறகு, பங்குக் கோயிலின் சமூகக்கூடத்தில், ஊர் பார்க்க நடக்கும் என்றும், பெல்சிட்டா வீட்டுச் சட்டப்படியே, அவளுடைய அதே இரண்டு பகடைகளால் நடக்கும் என்றும் முடிவானது. பகடை உருட்டுவது பாவமா என்று சிலர் ஃபாதரைக் கேட்டார்கள். பூசைக்கு முன்னால் உருட்டினால்தான் பாவம் என்று சொல்லிவிட்டு, அவரே விசிலை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

கமிட்டி சேர்த்தது ஒரே ஒரு சட்டம். டிரா கிடையாது, சமனில் முடிந்தால் பெனால்டி: ஆளுக்கு ஐந்து உருட்டு, இரட்டைப்படை விழுந்தால் கோல். அது எங்கள் பழைய சட்டம். எங்கள் பாட்டன்மார் காலத்தில் இன்னாசித்துறையும் சந்தியாகுபுரமும் மோதிய திருநாள் ஆட்டம் ஒன்று டிராவாகிவிட, பரிசாகக் கட்டியிருந்த கிடாவை நடுவில் வெட்டி ஆளுக்குப் பாதி கொடுத்தார்கள். முன்பாதி எங்களுக்கு வந்தது. தலை அதில்தான் இருந்தது. முதல் கோல் அடித்தது தாங்கள்தான், தலை தங்களுக்குத்தான் என்று சந்தியாகுபுரத்தார் கேட்டார்கள். அன்றைக்கு வள்ளங்கள் எரிந்தன, மண்டைகள் உடைந்தன, கடைசியில் இரண்டு ஊரும் சேர்ந்து சந்தியாகப்பர் சுரூபத்துக்கு முன்னால், இனி இந்தக் கரையில் டிரா என்று ஒரு முடிவு இருக்காது என்று சத்தியம் செய்தன. தலையை யார் தின்றார்கள் என்பது மட்டும் இன்றுவரை முடியவில்லை.

ஊருக்காக உருட்டப் பிரடி வந்து நின்றான்; வெள்ளைப் பகடை அன்றிலிருந்து அவனிடமே இருந்தது. கடலுக்காக உருட்ட யாரும் வரவில்லை. ஒரு தகரக் குழாய் வழியாகச் சிவப்புப் பகடையைத் தானாக விழவிட்டுப் பார்த்தார்கள். அந்த ஆட்டத்தை ஊர் ஐந்து கோலில் ஜெயித்தது, கடல் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. ஜெயிக்க நினைக்கிற ஒரு கை எதிரிலும் இருந்தால்தான் அது ஆட்டம் என்று மைக் சூசை சொன்னார். எல்லாரும் பெல்சிட்டாவைப் பார்த்தார்கள்.

"நீதாம்மா ரெண்டு பக்கத்துக்கும் ஒருபோல உருட்டுனவ," என்றார் ஃபாதர்.

"ஒருபோலதான் உருட்டுவேன் ஃபாதர். பொறவு என்னைய ஒண்ணும் சொல்லப்பிடாது."

யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள் என்று ஊர் வாக்குக் கொடுத்தது. அந்த வாக்கு இரண்டு ஞாயிறு தாங்கியது. மூன்றாவது ஞாயிறு அவள் கையில் கடல் ஒரு கோல் அதிகம் அடித்து, வலைக்கூடத்தைக் கொண்டுபோனது. அன்றிலிருந்து அவளுக்குக் கடல்காரி என்று பெயர் வந்தது. குழாயடியில் அவள் குடத்தை வைத்தால் மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்த வீட்டார், பையனுக்கு இன்னும் வயசு ஆகவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். அவள் ஆறு போட்டால் கூடம் முழுக்க முகத்தைத் திருப்பிக்கொள்ளும்; ஸ்டெல்லா முதலிலிருந்தே சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஜெபமாலை உருட்டுவாள், எந்தப் பக்கத்துக்கு வேண்டுகிறாள் என்று யாருக்கும் தெரியாமல்.

வர்ணனை வேண்டும் என்பதால் கடலின் பதினொரு பேருக்கும் பெயர் வேண்டியிருந்தது. மைக் சூசை காற்றுகளையும் நீரோட்டங்களையும் இறக்கினார். வலது ஓரத்தில் கச்சான், இடது ஓரத்தில் கொண்டல், கோலியாக வாடை. முதல் நாள் ஆட்டம் முடிந்ததும், புருஷன் திரும்பி வராத ஒரு பெண் அவரிடம் தணிந்த குரலில் கேட்டாள். "அவுரு நல்லா ஆடுவாருல்லா, அண்ணே. அந்தப் பக்கம் சேத்திருப்பாவளா?" மைக் சூசை மைக்கைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அந்த அணியில் ஆள் மாற்றவே இல்லை.

அந்த வருஷம் ஊர் தோற்றதைவிட ஜெயித்ததே அதிகம். மைதானம் முழுசாகத் திரும்பி வந்தது. கரையை அளக்க வந்த என்ஜினியர் கருவியை மூன்று கால்களில் நிறுத்திப் பார்த்துவிட்டு, மணல் சேர்கிறது, நல்லது, ஏன் என்று ஆய்வு செய்ய வேண்டும் என்றார். நாங்கள் அவருக்குக் கூடத்தைக் காட்டினோம், பகடைகளைக் காட்டினோம், அவர் டீ குடித்துவிட்டுப் போனார். திரும்பி வந்த மைதானத்தில் யாரும் விளையாடவில்லை. ஜெயித்து வாங்கிய மண்ணில் காலை வைத்து உதைக்க மனசு வரவில்லை. பையன்கள் அதன் ஓரத்தில் குந்தியிருந்து பகடை உருட்டினார்கள்.

லீனஸ் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தான். பெல்சிட்டாவின் அத்தான் அதிகம் பேசாதவன். வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றான்.

"ஒங்க மைக் காத்துல எங்க ஊருக்குக் கேக்கும்," என்றான். "ஒங்க ஊரு ஜெயிச்சுதுன்னு கேட்டா எங்களுக்கு ஒரு வீடு போவும். மொதல்ல ஏதோ ஒத்துப்போவுதுன்னு நெனைச்சோம். இப்ப மைக்கு இரைஞ்சாலே பெண்டுவ பானையத் தூக்கிட்டு வெளிய வந்திருதாவ."

"தூண்டில் வளைவு இருக்கே அத்தான்?"

"பாறையெல்லாம் சரிஞ்சு கெடக்கு. நாங்களும் உருட்டிப் பாத்தோம். எங்களுக்குக் கடலு காது குடுக்க மாட்டேங்குது." அவன் வீட்டுக்குள் எட்டி ஸ்டெல்லாவைப் பார்த்தான். "எங்க வீட்ட ஒட்டி இருந்த வீடு போயாச்சு மாமி. அடுத்தது நாங்கதான்."

பெல்சிட்டா கமிட்டிக்குப் போனாள். அவள் சொல்வதை எல்லாரும் பொறுமையாகக் கேட்டார்கள். கேட்கப் பொறுமை இருந்தது, ஏனென்றால் அது யாருக்கும் புதிதாக இல்லை.

பிரடிதான் பேசினான். "அவனுக்குப் பாறை போட்டப்ப நம்ம மைதானம் போச்சி. அன்னைக்கு அவன் ஊருல எவனாவது வந்து, மக்கா, ஒங்க மண்ணு எங்ககிட்ட கெடக்கு, அள்ளிட்டுப் போங்கன்னு சொன்னானா?"

"சொல்லல."

"பொறவென்ன?"

"எங்க அக்கா வீடு பிரடியண்ணே."

"எங்க அம்மைக்க அடுக்களை," என்றான் பிரடி.

கமிட்டித் தலைவர் இருவரையும் கையமர்த்தினார். ஆட்டம் என்றால் ஒருவன் ஜெயிப்பான், ஒருவன் தோற்பான், இதில் வருத்தப்பட்டு ஆவதில்லை என்றார். பெல்சிட்டா யோசித்துவிட்டு, டிராவில் முடிந்தால் இரண்டு ஊருக்கும் ஒன்றும் ஆகாதே, அந்தச் சட்டத்தை மட்டும் எடுத்துவிடலாமே என்று கேட்டாள். அந்த வார்த்தையைக் கேட்டதும் கூடத்தில் சிலர் சிரித்தார்கள். டிராவுக்கு எவனாவது ஆடுவானா என்றார்கள். அது இரண்டு ஊரும் சத்தியம் செய்து வைத்த சட்டம், இரண்டு ஊரும் சேர்ந்தால்தான் எடுக்க முடியும் என்று ஃபாதர் சொன்னார். அதை அவர் வருத்தத்தோடுதான் சொன்னார்.

அடுத்த ஆனி நெருங்கியது. காற்று திரும்பியது, கடல் கறுத்தது, இரண்டு ஞாயிறு தொடர்ந்து கடல் ஜெயித்து, மைதானத்தில் பாதியையும் கல்லறைத் தோட்டத்தின் சுவரையும் எடுத்துக்கொண்டது. அடுத்த ஆட்டத்தில் தோற்றால் கல்லறைகள் போகும் என்பது பார்க்கிற யாருக்கும் தெரிந்தது. ஜெயித்தால் ஜெசிந்தாவின் வீடு போகும் என்பது பெல்சிட்டாவுக்குத் தெரிந்தது. அந்த வாரம் முழுக்க ஸ்டெல்லா காலையில் புருஷனின் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்துவாள், சாயங்காலம் மூத்த மகளுக்குப் போன் செய்து, சாமானெல்லாம் எடுத்து வெச்சிட்டியா என்று கேட்பாள்.

ஞாயிற்றுக்கிழமை கூடம் நிறைந்திருந்தது. பிரடி வெள்ளையை உருட்டினான். ஆறு. மறுபடி உருட்டினான். ஆறு, இரட்டைப்படை, கோல். மைக் சூசை ஊரே கேட்கக் கத்தினார். பெல்சிட்டா இடது கையால் சிவப்பை உருட்டினாள், மூன்று. பிரடி உருட்டினான், ஆறு, ஆறு. மூன்றாவது கோலுக்கும் கைதட்டல் இருந்தது. நாலாவதற்குக் குறைந்தது. ஐந்தாவது கோல் விழுந்தபோது எல்லாருக்கும் அந்தச் சத்தம் கேட்டுவிட்டது, தரையில் மொத்து மொத்தென்று, வலையின் அடிக்கயிற்றில் கோர்க்கிற ஈயம் விழுகிற சத்தம். பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம் அது. பெல்சிட்டா முதல் உருட்டிலேயே தலையைத் தூக்கிப் பிரடியைப் பார்த்திருந்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. பாதி ஆட்டம் முடிந்தபோது ஊர் ஒன்பது, கடல் சைபர்.

ஃபாதர் விசில் ஊதினார். பெல்சிட்டா சிவப்பைத் தரையில் வைத்து அவன் பக்கம் தள்ளிவிட்டு, வலது கையை நீட்டினாள்.

"என்ன?" என்றான் பிரடி.

"பாதி முடிஞ்சுதுல்லா அண்ணே. மாத்தணும்."

எல்லா ஞாயிறும் மாற்றியிருந்தார்கள், எல்லா ஞாயிறும் அவனே கையால் எடுத்துக் கொடுத்திருந்தான். ஆனால் ஜெயிப்பதைப் பற்றி மட்டுமே நினைத்து ஈயம் வைக்கிறவன் இடைவேளையைப் பற்றி எப்படி நினைப்பான். பகடையை உள்ளங்கையில் மூடிக்கொண்டு, இன்றைக்கு மாற்ற வேண்டாம் என்றான்.

"ஏன் மாத்தப்பிடாது?" என்று ஃபாதர் கேட்டார்.

அதற்கு ஒரு பதில்தான் இருந்தது. அதைச் சொன்னால் ஆட்டமே இல்லாமல் போகும், ஒன்பது கோலும் போகும். கூடத்தில் யாராவது சொல்லியிருக்கலாம். நாங்கள் அத்தனை பேர் இருந்தோம். பிரடி கையைத் திறந்தான்.

பெல்சிட்டா எப்போதும் போலத்தான் உருட்டினாள். ஆறு, ஆறு. கச்சான் அடித்த கோல். ஆறு, ஆறு. கொண்டல். மைக் சூசையின் குரல் ஒவ்வொரு கோலுக்கும் இறங்கிக்கொண்டே வந்து, ஏழாவது கோலைச் சாவு அறிவிப்பது போலச் சொன்னார். பிரடிக்குச் சிவப்பில் இரண்டும் நாலும் ஒன்றுமாக விழுந்தன. ஒரே ஒரு முறை ஆறு விழுந்தது, கூடம் எழுந்து நின்றது, மறு உருட்டில் ஐந்து. வாடை பிடித்துவிட்டது. கடைசி விசிலுக்கு ஒன்பது – ஒன்பது.

பெனால்டிக்குப் பகடை மாற்றுவதில்லை. அதாவது ஈயப் பகடை அவள் கையிலேயே இருக்கும், கடல் ஒரு பெனால்டியைக்கூடத் தவறவிடாது. பெல்சிட்டா எழுந்து நின்றாள்.

"டிரான்னு சொல்லுங்க," என்றாள். "நான் உருட்டல. இப்படியே வெச்சிட்டுப் போறேன்."

ஸ்டெல்லா சுவரை விட்டுத் திரும்பி உட்கார்ந்தாள். "டிரா," என்றாள். எங்கள் ஊரில் அந்த வார்த்தையை முடிவாகச் சொன்ன முதல் ஆள் அவள்தான். பிறகு எல்லாரும் சொன்னார்கள், சிரித்தவர்கள் முந்திக்கொண்டு சொன்னார்கள், பிரடி சொன்னான், மைக் சூசை மைக்கிலேயே சொன்னார். பெல்சிட்டா வெள்ளைப் பகடையைப் பொத்திய கையோடு வெளியே போனாள்.

வெளியே கடல் நின்றிருந்தது. ஏறிய அலை ஏறியபடியே, உடையாமல், கரைக்கு மேலே குனிந்து நின்றது; அதற்குப் பின்னால் நின்றது அடுத்த அலை. ஒரு ஊர் மட்டும் சொன்னதால் அது டிராவை ஏற்கவில்லை, பெனால்டிக்காகக் காத்திருந்தது. இதை யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆட்டம் நிற்கும்போது ஆட்டக்காரர்கள் எப்படி நிற்பார்கள் என்று எங்களுக்குத் தெரியும்.

நிற்கிற கடலில் வள்ளம் போகாது. என்ஜின் ஓடும், வள்ளம் இறக்கிய இடத்திலேயே இருக்கும். வலை தண்ணீர்மேல் பாயைப் போலக் கிடக்கும், அமிழாது. பறவைகள் கிழக்கே போய்விட்டன. சத்தம் இல்லாததால் பிள்ளைகள் உறங்காமல் அழுதன. எங்களுக்கு மட்டும் என்றில்லை, சந்தியாகுபுரத்துக்கும் அதே கடல்தான், அதே பட்டினிதான்.

கமிட்டித் தலைவரும் ஃபாதரும் மைக் சூசையும் சந்தியாகுபுரத்துக்கு நடந்து போனார்கள். அங்கே அவர்களை உட்கார வைத்துக் கட்டன்சாயா கொடுத்தார்கள். பால் அங்கேயும் இல்லை. எங்கள் ஆட்கள் டிராவுக்குச் சம்மதம் கேட்டார்கள்.

"ஒங்க ஆட்டத்துலதான் டிரா கிடையாதே," என்றார் அந்த ஊர்த் தலைவர். இதைச் சொல்ல அவர் வெகு நாள் காத்திருந்தது போலிருந்தது. ஆனால் அவருக்கும் பசி இருந்தது. மத்தியானம் வரைக்கும் பேசி, கடைசியில் சரி என்றார். "ஒண்ணே ஒண்ணு. அந்தக் கிடாத்தலை எங்களுக்கு வந்திருக்க வேண்டியதுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. எங்க ஆளுவளுக்கு அது போதும்."

ஒரு வார்த்தைதான். ஃபாதர் எங்கள் தலைவரைப் பார்த்தார், மைக் சூசை எங்கள் தலைவரைப் பார்த்தார். எங்கள் தலைவர் நின்றுபோன கடலைப் பார்த்தார், காலியான வள்ளங்களைப் பார்த்தார், சாயா கிளாசைக் கீழே வைத்தார்.

"தலை முன்பாதியிலதான் இருந்துது," என்றார். "முன்பாதி எங்களுக்கு வந்துது. நடந்தத எப்படி மாத்திச் சொல்ல?"

அவர் திரும்பி வந்து நடந்ததைச் சொன்னபோது ஊரில் ஒருவரும் அவரைத் திட்டவில்லை. சிலர் அவர் தோளைத் தட்டினார்கள்.

பிரடி ஒவ்வொரு நாளும் பெல்சிட்டாவின் வீட்டுக்கு வெளியே வந்து மணலில் உட்கார்ந்திருந்தான். ஒருநாள், "நான்தான் ஈயம் வெச்சேன்," என்றான்.

"தெரியும் அண்ணே."

"ஒனக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும். சும்மா சொன்னேன்."

ஜெசிந்தா கரை வழியாக நடந்து வந்தாள், இடுப்பில் பிள்ளையோடு, குனிந்து நிற்கிற அலைக்கு அடியில். பிள்ளை அழவில்லை, அழத் தெம்பில்லாமல் இருந்தது. ஸ்டெல்லா ரேஷன் அரிசியில் வைத்த கஞ்சியை ஊட்டினாள். ஜெசிந்தா தங்கையின் முன்னால் உட்கார்ந்தாள்.

"உருட்டிரு பெல்சி."

"உருட்டுனா இங்கன எல்லாம் போவும்க்கா. அப்பா போவாரு."

"போவட்டும்னு சொல்லல." ஜெசிந்தா அம்மாவைப் பார்த்தாள். "அப்பாவ நாங்க கொண்டுபோறோம்."

லீனஸ் மண்வெட்டியோடு வெளியே நின்றுகொண்டிருந்தான். பகலிலேயே, ஊர் பார்க்கத் தோண்டினார்கள். பெட்டி மக்கியிருந்தது. இருந்ததை ஸ்டெல்லா தன் கையாலேயே எடுத்து, வெள்ளைத் துணியில் வைத்து, குழந்தையைச் சுற்றுவது போலச் சுற்றினாள். அதைப் பார்த்த மற்றவர்களும் தங்கள் தங்கள் கல்லறைகளைத் திறந்தார்கள். உடம்பு இருந்தவர்கள் உடம்பை எடுத்தார்கள், சட்டை இருந்தவர்கள் சட்டையை எடுத்து உதறி மடித்தார்கள். பாத்திரங்களையும் பாய்களையும் மரித்தவர்களையும் தூக்கிக்கொண்டு நாங்கள் மேற்கே நடந்தோம். சந்தியாகுபுரத்தின் எல்லையில் அந்த ஊர் ஆண்கள் வரிசையாக நின்றார்கள். யாரும் வழி மறிக்கவில்லை, யாரும் சுமையை வாங்கவும் இல்லை.

உருட்ட வேண்டிய இருவரும், மைக் சூசையும், விசிலோடு ஃபாதரும் மட்டும் கூடத்துக்குத் திரும்பிப் போனார்கள். பிரடிக்கு இரட்டையும் ஒற்றையுமாக விழுந்தது. பெல்சிட்டாவுக்கு எல்லாம் ஆறு. மைக் சூசை முடிவை அறிவித்துவிட்டு, எந்த ஆட்டத்திலும் அவர் சொல்லாமல் விட்டதில்லை என்பதால், வெற்றி பெற்ற அணிக்கு ஊர்க்கமிட்டி சார்பில் வாழ்த்துகள் என்றும் சொன்னார். மைக்கை அணைத்துவிட்டு நால்வரும் மேட்டுப் பாதையில் நடந்தார்கள். கடல் அவர்களுக்குப் பின்னால், நடக்கிற வேகத்திலேயே, வரிசை வரிசையாக வந்தது. மைதானம், கல்லறைத் தோட்டம், பெல்சிட்டாவின் வீடு, கூடம், கடைசியாகக் கோயில். ஒருவரும் சாகவில்லை. வருகிறவர்கள் எல்லாரும் அதை ஆறுதலாகச் சொல்கிறார்கள்.

இப்போது நாங்கள் சந்தியாகுபுரத்தின் பழைய பள்ளிக்கூடத்தில் இருக்கிறோம், ஒரு வகுப்பறைக்கு நாலு குடும்பம். எங்களிடமிருந்து போன மணல் இங்கே வந்து சேர்ந்து, கரை அகலமாகி, இவர்களுக்கு நல்ல மைதானம் ஒன்று கிடைத்திருக்கிறது. பெல்சிட்டா ஜெசிந்தாவின் வீட்டுக்குப் போகாமல் எங்களோடு பள்ளிக்கூடத்தில்தான் இருக்கிறாள்; ஏன் என்று அக்கா கேட்கவில்லை. இரண்டு பகடைகளும் அவளிடம் இருக்கின்றன. உருட்டுவதில்லை.

ஜூலை கடைசியில் சந்தியாகப்பர் திருநாள் வந்தது. ஆட்டம் நடந்தது, இரைச்சல் வகுப்பறைக்குள் கேட்டது, யார் ஜெயித்தார்கள் என்று நாங்கள் விசாரிக்கவில்லை. மத்தியானத்துக்குப் பிறகு சந்தியாகுபுரத்துப் பெண் ஒருத்தி மூடி போட்ட அலுமினியச் சட்டியைக் கொண்டுவந்து வாசற்படியில் வைத்துவிட்டு, ஊர்க்கமிட்டி தந்தது என்று சொல்லிவிட்டுப் போனாள். வேறு யாரும் எழுந்திருக்காததால் பெல்சிட்டா போய் எடுத்து வந்து, நடுவில் வைத்து, மூடியைத் திறந்தாள். மஞ்சள் தடவிய கிடாத்தலை, கண் திறந்தபடி.

எங்கள் தலைவர் அதைப் பார்த்தார். பிரடி பார்த்தான். அது இரக்கமா, வேறு ஏதாவதா என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. பிள்ளைகள் நெருங்கி வந்து உட்கார்ந்தார்கள். ஸ்டெல்லா எழுந்து அடுப்பு மூட்டினாள்.

சாப்பிட்டோம்.